மண் குதிரைக்குப் பதிலா சிமெண்ட் குதிரை: எங்க ஊர் கமிட்டி முடிவு சரியா?

#1 பொட்டல்காட்டான்

சிவகங்கை மாவட்டத்துல ஒரு சின்ன ஊர், பேரு வேண்டாம், கமிட்டில இருக்குற பாதிப்பேரு வாட்ஸப்புல இந்த மாதிரி லிங்க் எல்லாம் சுத்த விடுற ஆளுங்க. விஷயம் என்னன்னா எங்க அய்யனாருக்கு வழக்கமா புரவி எடுப்பு நடக்கும். ஊர் கூடி மண்பாண்டம் செய்ற வேளார்கிட்ட பிடிமண் குடுக்கும், அவரு குதிரை செஞ்சு சூளைல சுட்டு வைப்பாரு, அப்புறம் ஒரு நாள் அலங்காரம் பண்ணி பொட்டல்ல கொண்டாந்து வரிசையா நிறுத்தி, மாலை துண்டெல்லாம் போட்டு, அங்கேருந்து தோள்ல தூக்கிட்டு கோயிலுக்குப் போவோம். வாசல்ல எறக்கி வச்சா அதோட சரி. அப்புறம் அதை யாரும் தொட மாட்டோம். மழை வெயில் எல்லாம் அது மேலதான். கோயிலுக்குப் போற வழில ரெண்டு பக்கமும் பழைய குதிரைங்க நிக்கும், கொஞ்சம் தள்ளி காது ஒடைஞ்சது, அதுக்குப் பின்னாடி வெறும் காலு மட்டும், அதுக்கும் பின்னாடி ஓட்டுச் சில்லு குவியல், அதுக்குள்ளேருந்து வேப்பங்கன்னு மொளைச்சிருக்கும்.

இப்ப சிங்கப்பூர்ல இருக்குற எங்க ஊர்க்காரர் ஒருத்தர், நல்ல மனுஷன்தான், ரெண்டு பெரிய சிமெண்ட் குதிரை கட்டித் தர்றேன்னு சொல்லிருக்காரு. பெயிண்ட் அடிச்சு, பீடத்துல அவங்க அப்பா பேரு போட்டு. கமிட்டிக்கு ஒரே சந்தோஷம். கூடவே "இனி எதுக்கு மண் குதிரை, வருஷா வருஷம் செலவு, ரெண்டு மழைல ஒடைஞ்சு கோயிலே குப்பையா கெடக்குது, பழைய சில்லு எல்லாத்தையும் ஜேசிபி வச்சு அள்ளிட்டு டைல்ஸ் போட்டுரலாம்"ன்னு ஒரு பேச்சு ஓடுது. எனக்கு வயித்தைக் கலக்குது ஆனா கூட்டத்துல எந்திரிச்சு என்ன சொல்றதுன்னு தெரியல. "மனசுக்கு கஷ்டமா இருக்கு"ன்னா சிரிப்பாங்க. அக்கா மக நுண்கலைக் கல்லூரில படிக்குது, அது சொல்லுது மாமா வெளிநாட்டுல அழிஞ்சு போறதுக்குன்னே சிலை செய்றாங்க, அதுக்கு பெரிய மதிப்பு, நீங்க என்னடான்னா இருக்குறதை அள்ளிப் போடுறீங்கன்னு. அதைச் சொன்னா இன்னும் சிரிப்பாங்க. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 ரெண்டாங்கெட்டான்

மண் குதிரைய நம்பி ஆத்துல எறங்காதன்னு சும்மாவா சொன்னாங்க. சிமெண்டே போடுங்க பாஸ்.

#3 ஏட்டுச்சுவடி

இந்தா ஆரம்பிச்சுட்டாரு. அடுத்தது யாராச்சும் வந்து அது குதிரை இல்ல குதிர், அதாவது ஆத்து மணல் திட்டுன்னு வகுப்பெடுப்பாங்க, அதுக்கு தனி இழை இருக்கு, நூறு பக்கம் ஓடிருக்கு, அங்க போங்கய்யா.

#4 கேலரி_சுத்தி

பொட்டல்காட்டான், உங்க அக்கா மக சொல்றது ரொம்ப சரி, சிரிக்கிறவங்க சிரிக்கட்டும். ஆனா அந்தப் பொண்ணு யாரை நெனச்சு சொல்லுச்சோ தெரியல, எனக்கு உடனே ஞாபகம் வர்றது அனா மெண்டியெட்டா.

கியூபாக்காரி. 1948ல ஹவானால பொறந்தவங்க. காஸ்ட்ரோ ஆட்சிக்கு வந்தப்புறம் கியூபால இருந்து புள்ளைங்கள மட்டும் தனியா அமெரிக்காவுக்கு விமானம் ஏத்தி அனுப்புனாங்க, பீட்டர் பான் ஆபரேஷன்னு பேரு, மொத்தம் 14,000க்கும் மேல குழந்தைங்க. அதுல 1961ல இவங்களும் இவங்க அக்காவும். அப்ப வயசு 12. வெயில்லயும் கடல்லயும் வளந்த புள்ளைய கொண்டுபோய் பனி கொட்டுற அயோவால விட்டா எப்படி இருக்கும். விடுதி, அடுத்தவங்க வீடுன்னு மாறி மாறி வளந்தாங்க. அப்புறம் அங்கயே ஆர்ட் படிச்சு, 1973ல இருந்து 1980 வரைக்கும் சிலுவெட்டான்னு ஒரு தொடர் பண்ணாங்க. பண்ணது என்னன்னா, தன் உடம்பு அளவுக்கு ஒரு உருவத்தை மண்ணுல பதிக்கிறது. சேத்துல, ஆத்தோர மணல்ல, புல்லுல, பனில. சிலதுல பூ நெரப்பிருப்பாங்க, சிலதுல வெடிமருந்து தூவி பத்த வச்சிருப்பாங்க, கருகுன மனுஷ உருவம் மட்டும் தரைல தெரியும். மெக்சிகோ கடற்கரைல பண்ணதை அலை வந்து கொஞ்சம் கொஞ்சமா கொண்டு போயிரும். யாரும் டிக்கெட் வாங்கிட்டு வந்து பாக்கல. அவங்க பண்ணாங்க, போட்டோ எடுத்தாங்க, சின்ன பிலிம் கேமரால கொஞ்சம் படம் புடிச்சாங்க, வீட்டுக்குப் போயிட்டாங்க. அது அங்கயே கரைஞ்சு போச்சு. ஊரை விட்டு புடுங்கி எறியப்பட்டவ, கெடைச்ச மண்ணுல எல்லாம் தன் உருவத்தை வச்சு வச்சுப் பாக்குறா, எதுவும் நிக்கல. அதைப் பாத்துட்டு உங்க கோயில் வாசல்ல இருக்குற கால் மட்டும் நிக்குற குதிரையைப் பாருங்க. உலகத்தரமான நிறுவல் கலை (இன்ஸ்டலேஷன், ஒரு எடத்துலயே அமைச்சு வைக்கிறது) அது, கமிட்டிக்கு புரியலன்னா அவங்க தலையெழுத்து.

#5 கண்மாய்க்கரை

கேலரி_சுத்தி அண்ணே கோவிச்சுக்காதீங்க. உலகத்தரம் நிறுவல் கலைன்னு கூட்டத்துல சொன்னா அந்தாளை ஊரை விட்டே தள்ளி வச்சுருவாங்க 😀

நான் புதுக்கோட்டை பக்கம். எங்க ஆளுங்க யாரும் அழியட்டும்னு குதிரை வைக்கல, புள்ள பொறந்தா வைக்கிறேன்னு வேண்டிக்கிட்டோம் பொறந்துச்சு வச்சோம், மாடு பொழைச்சா மண் மாடு, கை வலி போனா மண்ணுல கை, கொழந்தைக்கு மதலைன்னு மண்ணுல கொழந்தை பொம்மை. சாமி ராத்திரி எல்லைய சுத்தி வரணும், அதுக்கு வாகனம் வேணும், குடுத்தாச்சு. அப்புறம் அது அவரு சொத்து. குதிரை ஒடைஞ்சா சாமி ஓட்டி ஓட்டி தேஞ்சு போச்சுன்னு எங்க அப்பத்தா சொல்லும். இதுல நினைவு, அடையாளம், நிலையாமைன்னு நீங்க பாக்குறது உங்க கண்ணு.

இன்னொன்னு. சிமெண்ட் வந்தா எல்லாம் போச்சுங்குறதும் முழுசா உண்மை இல்ல. கீரமங்கலம் பக்கத்துல குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலுக்குப் போய்ப் பாருங்க. அங்க குதிரை 30 அடிக்கு மேல, கட்டுமானக் குதிரை, மண் இல்ல. ஆனா மாசி மகத்தன்னிக்கு அதுக்கு காகிதப் பூ மாலை போடுவாங்க பாருங்க, லாரி லாரியா வந்து எறங்கும், ஒரு மாலையே குதிரை கழுத்துலேருந்து தரை வரைக்கும் தொங்கும். ஏணி வச்சு ஏறி ஆயிரக்கணக்குல சாத்துவாங்க, குதிரையே தெரியாது, கலர் காகித மலைதான் தெரியும். அடுத்த மழைக்கு அத்தனையும் கூழு. அடுத்த மாசிக்கு திரும்ப. அப்ப நெலையா நிக்கிற குதிரையும் நிக்காத மாலையும் ஒண்ணாத்தான இருக்கு. உங்க ஊர்ல சிமெண்ட் குதிரை வர்றது பிரச்சினை இல்ல, மண் குதிரைய நிறுத்துறதுதான் பிரச்சினை. ரெண்டையும் தனித்தனியா பேசுங்க.

#6 பொட்டல்காட்டான்

//சிமெண்ட் குதிரை வர்றது பிரச்சினை இல்ல, மண் குதிரைய நிறுத்துறதுதான்//

இது நல்ல பாயிண்ட். இப்படி நான் யோசிக்கல. ஆனா கமிட்டி கணக்கு அது இல்லயே, இது இருந்தா அது எதுக்குங்குறதுதான் அவங்க கணக்கு.

#7 வேளார்வீட்டுப்பையன்

ரொம்ப நாளா படிக்க மட்டும் செய்றவன், இதுக்கு எழுதாம இருக்க முடியல. எங்க தாத்தா, அப்பா எல்லாம் புரவி செய்றவங்க. நான் ஐடிஐ படிச்சுட்டு கோயம்புத்தூர்ல வேலை பாக்குறேன், சீசனுக்கு லீவு போட்டு ஊருக்குப் போயிருவேன்.

எல்லாரும் ஒடையிறதைப் பத்தியே பேசுறீங்க, செய்றதைப் பத்தி யாராச்சும் கேட்டீங்களா? பிடிமண்ணுலதான் எல்லாமே ஆரம்பிக்குது. ஊர்ப் பெரியவங்க அம்பலம் எல்லாம் கூடி சாமி கும்புட்டு ஒரு கைப்பிடி மண்ணை எடுத்து எங்க ஆளு கைல குடுக்கணும், கூட வேட்டி துண்டு தேங்கா பழம் முன்பணம். அந்த மண்ணு கைக்கு வர்ற வரைக்கும் நாங்களா போய் குதிரை செய்ய முடியாது, கைக்கு வந்துருச்சுன்னா வேற யாரும் செய்ய முடியாது. எந்த ஊருக்கு எந்த வீட்டுக்காரங்க செய்யணும்னு பரம்பரையா பிரிச்சு வச்சிருக்கு. அந்தப் பிடிமண்ணை நாங்க கொழைக்கிற மண்ணோட சேத்துருவோம், அப்பத்தான் அது அந்த ஊர் குதிரை. விரதம் இருந்துதான் கை வைப்போம். நெறைய கோயில்ல பூசாரியும் எங்க ஆளுங்கதான்.

களிமண்ணு மட்டும் போட்டா காயிறப்பவே வெடிச்சுரும், அதனால மணலும் உமியும் நறுக்குன வைக்கோலும் கலந்து மிதிச்சு மிதிச்சு பதம் எடுக்கணும். மொதல்ல நாலு காலு, உள்ள கூடா, கொழா மாதிரி. அதைக் காய விட்டு எறுகுனப்புறம்தான் வயிறு ஏத்தணும், ஈரத்துல அவசரப்பட்டா மொத்தமும் உக்காந்துரும். வயிறு காஞ்சப்புறம் கழுத்து, அப்புறம் தலை, அப்புறம் மணி, கண்டமாலை, லகான், சேணம். பெரிய குதிரைன்னா நின்ன எடத்துலயே செஞ்சு நின்ன எடத்துலயே சுத்தி விறகு, வறட்டி, வைக்கோல் அடுக்கி மேல சேறு மெழுகி சுடுறது உண்டு. வயித்துல ஓட்டை விடுவோம், சூடு உள்ள பூந்து வெளிய வரணும்ல, இல்லன்னா பட்டாசுதான். அது சூளைல இருக்கிற ராத்திரி எங்க வீட்ல யாரும் தூங்க மாட்டோம். வெந்து வந்தப்புறம் வெள்ளை அடிச்சு கலர் கொடுத்து வைப்போம், கண்ணு மட்டும் பாக்கி. கண் தொறக்குறதுக்கு தனி நேரம், தனி முறை, அதை இங்க எழுத மாட்டேன்.

இப்ப சிமெண்ட் விஷயத்துக்கு வரேன். குதிரை ஒடையிறதால எங்களுக்கு நட்டம் இல்லங்க. ஒடையாததாலதான் நட்டம். ஒரு ஊரு சிமெண்ட் குதிரை கட்டிருச்சுன்னா அடுத்த வருஷம் எங்க வீட்டுக்கு பிடிமண் வராது. காசு கொஞ்சம் போறது ஒருபக்கம், அதை விடுங்க, அந்த ஊருக்கும் எங்களுக்கும் இருந்த சம்பந்தமே அதோட முடிஞ்சுரும். எங்க அப்பாவுக்கு அந்த ஊர்ல யாரு வீட்ல என்ன விசேஷம்னு தெரியும், அவரு போனா சாப்பிடாம விட மாட்டாங்க. எனக்கு அந்த ஊர்ல யாரையும் தெரியாமப் போயிரும். ரெண்டு தலைமுறை செய்யலன்னா பதம் கைல இருந்து போயிரும், அப்புறம் நீங்க ஆசைப்பட்டு கூப்புட்டாலும் செய்ய ஆள் இருக்காது. இப்பவே ஆள் உயரத்துக்கு மேல செய்யத் தெரிஞ்சவங்களை தேடித்தான் புடிக்கணும். எனக்கே காலும் வயிறும் வரும், தலை இன்னும் சரியா வராது.

#8 கண்மாய்க்கரை

👆 பொட்டல்காட்டான், இதை அப்படியே பிரிண்ட் எடுத்து கூட்டத்துல படிங்க. வேற ஒண்ணும் வேண்டாம்.

#9 ரெண்டாங்கெட்டான்

மண்ணு எங்க கெடைக்குது உங்களுக்கு? கண்மாய்ல எடுத்தா கேஸ் போடுவாங்கன்னு கேள்விப்பட்டேன், நெஜமா கேக்குறேன், கிண்டல் இல்ல.

#10 வேளார்வீட்டுப்பையன்

அது ஒரு தனி தலைவலி. முன்னாடி ஒரு மாட்டு வண்டி மண்ணுக்கு கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் அலையணும். 2024ல இருந்து விவசாயிங்களும் மண்பாண்டம் செய்றவங்களும் தாசில்தார்கிட்டயே அனுமதி வாங்கி இலவசமா எடுத்துக்கலாம்னு ஆக்கிட்டாங்க, பரவால்ல. ஆனா எல்லா கண்மாய் மண்ணும் சேராது, நாங்க தேடுறது ஒரு மாதிரி வழுவழுன்னு இருக்குற களி, அது இருக்குற எடத்துல மேல ஒரு முழத்துக்கு கருவேல வேரும் பிளாஸ்டிக்கும். மானாமதுரை மண்பாண்டத்துக்கு 2023ல புவிசார் குறியீடு வேற கெடைச்சுது, எல்லாரும் கடத்துக்கும் பானைக்கும் கைதட்டுறாங்க, மண்ணை யாரும் பேசல.

#11 சால்ட்லேக்_தமிழன்

நான் கொல்கத்தால வேலை பாக்குறேன், இங்க நடக்கறதை சொன்னா உதவும்னு நெனைக்கிறேன். குமோர்துளின்னு ஒரு பேட்டை, முழுக்க சிலை செய்றவங்க. துர்கா பூஜைக்கு மூங்கில் சட்டம் கட்டி, அதுல வைக்கோலைச் சுத்தி ஆள் உருவம் ஆக்கி, மேல ரெண்டு விதமான மண்ணு பூசுவாங்க, மொதல்ல ஒட்டுற களி, அப்புறம் மணல் கலந்த மெல்லிசு மண்ணு. சுடவே மாட்டாங்க, அதான் உங்க குதிரைக்கும் இதுக்கும் வித்தியாசம். மகாளய அமாவாசைக்கு கண்ணு வரைவாங்க, வேளார் தம்பி சொன்ன கண் தொறப்பு மாதிரியே இங்கயும் அதுக்கு தனி மரியாதை. தசமி அன்னிக்கு ஹூக்ளில எறக்குனா கொஞ்ச நேரத்துல மூஞ்சி கரைஞ்சு வெறும் வைக்கோல் மொகம் மேல வரும், மொத தடவை பாக்குறவனுக்கு என்னவோ பண்ணும். பக்கத்துலயே பையனுங்க நீந்திப் போய் மூங்கில் சட்டத்தை இழுத்துட்டு வருவானுங்க, அது திரும்ப குமோர்துளிக்கே போய் அடுத்த வருஷ சிலைக்கு எலும்பாகும். இப்ப மாநகராட்சி கிரேன் வச்சு உடனுக்குடனே எடுத்துருது, ஆத்துல பெயிண்ட் கலக்கக் கூடாதுன்னு.

2021ல கொல்கத்தா துர்கா பூஜையை யுனெஸ்கோ மரபுப் பட்டியல்ல சேத்தாங்க. எந்தச் சிலையையும் இல்ல, அந்த விழாவை. சிலை எதுவும் கைல இல்ல சேக்குறதுக்கு! கரையிறதாலதான் அந்தப் பேட்டையே வருஷம் பூரா அடுப்பெரியுது. ஒரே ஒரு வருஷம் நல்ல பைபர் சிலையா செஞ்சு எல்லா பந்தலுக்கும் குடுத்துட்டா பேட்டைய இழுத்துப் பூட்ட வேண்டியதுதான்.

#12 கேலரி_சுத்தி

அருமை. இதைத்தான் நானும் சொல்ல வந்தேன், அழியிறதுலதான் அதோட அர்த்தமே இருக்கு, நிலையாமைய ஏத்துக்கிட்ட ஒரு பண்பாடு நம்மளது, கல்லுலயும் வெண்கலத்துலயும் ராஜா பேரு நிக்கும், மண்ணுல சனங்க பேரு நிக்காது, அந்த நிக்காததுதான் அழகு

#13 ஸ்கார்பரோக்காரன்

கேலரி அண்ணை, நீங்கள் எழுதினதுகளை விரும்பி வாசிச்சுக்கொண்டு வந்தனான், ஆனா இந்த "நிக்காததுதான் அழகு" எண்ட இடத்தில எனக்கு கொஞ்சம் கோவம் வந்திட்டுது.

நான் யாழ்ப்பாணத்தில பிறந்து இப்ப கனடாவில இருக்கிறன். அழிஞ்சு போறதுக்கும் அழிக்கிறதுக்கும் வித்தியாசம் இருக்கு. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குள்ள இருந்த முள்ளிவாய்க்கால் நினைவுத் தூபியை 2021 ஜனவரி 8 இரவு இடிச்சவை. மண்ணில இருந்து ரெண்டு கை எழும்பி நிக்கிற மாதிரி இருந்தது. அது நிலையாமை எண்டு ஆரும் அழகு பாக்கேல்ல, பெடியள் இரவிரவா வாசல்ல குந்தி இருந்தவை, அடுத்த நாள் சாப்பாடு விட்டு இருந்தவை. பிறகு திருப்பி அடிக்கல் நட்டு அதே வருஷம் ஏப்ரல்ல கட்டி முடிச்சவை. போரில செத்த போராளியளைப் புதைச்ச மாவீரர் துயிலும் இல்லங்களில கல்லறைகளை உழுது விட்டதும் அப்பிடித்தான். அந்த இடங்களில சனம் பிறகு போய், உடைஞ்ச கல்லுகளைப் பொறுக்கிக் குவிச்சு அதுக்கு முன்னால விளக்கு வைச்சவை. எங்களுக்கு நிக்கிறதுதான் வேணும், கருங்கல்லில வேணும். திருப்பி செய்ய விடுவாங்களோ தெரியாத இடத்தில, கரையட்டும் பரவாயில்லை எண்டு சொல்ல ஏலாது.

மெண்டியெட்டாவையும் நீங்கள் பாதிதான் சொன்னனீங்கள். அந்தப் பிள்ளை மண்ணில படுத்துப் படுத்து எழும்பினது நிலையாமையில இருந்த ஆசையால எண்டு நான் நினைக்கேல்ல. திரும்பிப் போக வழியில்லாததால. 1980ல முதல் தரம் கியூபாவுக்குப் போகக் கிடைச்ச உடன அடுத்த வருஷமே ஹருக்கோ குகையளில என்ன செய்தவ? கல்லில செதுக்கினவ. சேறு இல்லை, பூ இல்லை, கல்லு. சொந்த மண்ணில கால் வைச்ச உடன கை கல்லைத் தேடியிருக்கு. எனக்கு அதில இருந்து வேற ஒண்டும் விளங்கேல்ல.

புரவிக் கதை எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா அது ஏன் உடையலாம் எண்டால் வாற வருஷமும் பிடிமண் வரும் எண்ட நம்பிக்கை இருக்கிறதால. வேளார் தம்பி சொன்னதும் அதுதானே.

#14 கேலரி_சுத்தி

ஸ்கார்பரோ அண்ணே, ஹருக்கோ பத்தி நீங்க சொல்றது யோசிக்க வேண்டிய விஷயம். ஆனா அதுவும் சுண்ணாம்புப் பாறை, காத்துலயும் ஈரத்துலயும் தேஞ்சுட்டுதான் இருக்கு. ஊருக்கு வெளிய குகைக்குள்ள, பாதுகாக்க யாரும் இல்லாம விட்டுட்டு வந்தாங்க. அதனால கல்லுன்னதும் நெலைக்கணும்னு நெனச்சாங்கன்னு உறுதியா சொல்ல முடியாது. இடிக்கிறதும் உதிர்றதும் ஒண்ணு இல்லங்கறதுல உங்க பக்கம்தான் நானும்.

#15 ஸ்கார்பரோக்காரன்

சரி அண்ணை, குகையைப் பற்றி பிறகு சண்டை பிடிப்பம்.

#16 ரெண்டாங்கெட்டான்

எல்லாரும் ரொம்ப உருகுறீங்க, நான் ஒரு தண்ணி ஊத்துறேன். புரவி எடுப்புல யாரு குதிரை மொதல்ல போகணும், யாருக்கு மொத மரியாதை, எந்தத் தெரு வழியா போகலாம், யாரு தோள் குடுக்கலாம், யாரு தூர நின்னு பாக்கணும், இதுக்கெல்லாம் எத்தனை ஊர்ல தாசில்தார் ஆபீஸ்ல சமாதானக் கூட்டம் நடந்திருக்கு? சில ஊர்ல திருவிழாவே வருஷக்கணக்குல நின்னு போயிருக்கு. பண்பாட்டு அடையாளம்னு நீங்க சொல்றதுக்குள்ள சாதி அடையாளமும் இருக்கு. சிமெண்ட் குதிரைய தோள்ல தூக்க வேண்டியதில்ல, ஊர்வலம் இல்ல, சண்டையும் இல்ல. ஒரு வகைல அது நல்லதுதான?

#17 கண்மாய்க்கரை

இவரு கேட்டது சரியான கேள்வி, நழுவக் கூடாது. ஆனா பதில் அது இல்லங்க. ஊர்வலத்தை நிறுத்துனா மரியாதைச் சண்டை போயிருமா? பீடத்துல யாரு பேரு போடுறதுன்னு வரும். பொட்டல்காட்டான் ஊர்லயே பாருங்க, இதுவரைக்கும் அங்க நின்ன எந்தக் குதிரைலயும் பேரு இல்ல, செஞ்சவன் பேரும் இல்ல குடுத்தவன் பேரும் இல்ல, இப்பத்தான் மொத தடவை ஒரு குடும்பத்தோட பேரு கோயில் வாசல்ல நெரந்தரமா எழுதப் போகுது. இன்னும் பத்து வருஷத்துல அடுத்த பங்காளி அதைவிட ரெண்டடி உசரமா ஒண்ணு கட்டுவான். மண் குதிரைன்னா கூலி வேலை பாக்குறவனும் ஒண்ணு வைக்க முடியும், சின்னதா இருந்தாலும் வரிசைல நிக்கும், ரெண்டு மழை போனா எது யாரோடதுன்னு தெரியாது.

யாரு தோள் குடுக்கலாம்ங்குறதை ஊரு மாத்தத்தான் வேணும். அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல, எங்க ஊர்லயே சண்டை போட்டுதான் மாத்துனோம், இன்னும் பாக்கி இருக்கு.

#18 ஏட்டுச்சுவடி

பழசு ஒண்ணு சொல்லிக்கிறேன், நீளமா போகாது. வேளார் தம்பி பூசாரியும் நாங்கதான்னாரே, நற்றிணை 293ல நொச்சி மாலை போட்ட வயசான குயவன் ஊர் மன்றத்துல நின்னு பலி போட கூப்புடுறான். 200ஆம் பாட்டுல தெருவுல போயி ஊருக்குத் திருவிழான்னு சொல்றவனும் குயவன்தான். பானை செய்றவன் சாமி காரியத்துலயும் இருந்திருக்கான்னு தெரியுதுல்ல. புறநானூறு 256ல புருஷன் செத்துப்போன ஒருத்தி குயவன்கிட்ட கேக்குறா, தாழி செய்றப்ப எனக்கும் சேத்து அகலமா செய்யின்னு. ஆதிச்சநல்லூர்ல அந்த மாதிரி தாழிங்க மண்ணுக்குள்ளேருந்து எத்தனை வந்துச்சு.

அதுல ஒரு வேடிக்கை பாருங்க. பொதைச்ச மண்ணு ரெண்டாயிரம் வருஷத்துக்கும் மேல இருந்திருக்கு. வெளிய வச்ச மண்ணு இருபது முப்பது வருஷத்துல சில்லாயிரும். ஜேசிபி வச்சு அள்ளுறேன்னு சொல்றாங்கல்ல, அந்தச் சில்லுக் குவியலுக்கு அடில என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும், எத்தனை தலைமுறை குதிரை ஒண்ணு மேல ஒண்ணா படிஞ்சிருக்கோ. கமிட்டிக்கு கலை புரியலன்னாலும், தொல்லியல் துறைக்கு ஒரு மனு போட்டா கொஞ்சம் யோசிப்பாங்க 😉

#19 சென்னைப்_புழுதி

அப்ப ஒரு நல்ல குதிரைய மட்டும் மியூசியத்துல வச்சா என்ன? டெல்லி கைவினை அருங்காட்சியகத்துலயே அய்யனார் குதிரைங்க நிக்குது, முட்டுக்காடு தட்சிணசித்ராலயும் பாத்திருக்கேன். நல்லாத்தான இருக்கு.

#20 வேளார்வீட்டுப்பையன்

மியூசியத்துக்குன்னு செய்றதுல தப்பில்ல, அதுவும் எங்க ஆளுங்களுக்கு வேலைதான். வில்லியனூர் முனுசாமி ஐயாவுக்கு 2020ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, சுடுமண்ணுக்கு, எங்களுக்கெல்லாம் பெருமை. ஆனா கோயில்ல வச்சதை தூக்கிட்டுப் போய் மியூசியத்துல வைக்கக் கூடாது. கண் தொறந்தது சாமிக்கு. ஒடைஞ்சாலும் அங்கயே கெடக்கணும். ஒட்ட வைக்க மாட்டோம், அந்தச் சில்லை எடுத்து வேற எதுக்கும் போட மாட்டோம். காலு போன குதிரைய எங்க அப்பாகிட்ட காட்டி சரி பண்ணித் தர்றியான்னு ஒருத்தர் கேட்டாரு, அவரு பேசாம "புதுசு வேணும்னா பிடிமண் குடுங்க"ன்னுட்டாரு.

போட்டோ எடுத்துக்கங்க, வீடியோ எடுத்துக்கங்க. எடுக்குறப்ப பக்கத்துல செஞ்சவரு யாருன்னும் ஒரு வரி எழுதுங்க. குதிரை படம் ஆயிரம் இருக்கு நெட்டுல, ஒண்ணுலயும் எங்க ஆளு பேரு இருக்காது. கேலரி அண்ணன் சொன்ன அம்மா போட்டோவ இன்னிக்கு யாரு செஞ்சாங்கன்னு தெரிஞ்சுதான எல்லாரும் பாக்குறாங்க.

#21 கேலரி_சுத்தி

குத்து சரியா விழுந்துச்சு தம்பி. அந்தப் படங்க இப்ப பெரிய பெரிய மியூசியத்துல பிரேம் போட்டு தொங்குது, கரைஞ்சு போன சேறு விலைக்குப் போகுது. கலை உலகத்துல அழியிற சிற்பம்னு சொல்றதுல பாதிக்கு மேல இந்தக் கதைதான், சிலை போயிரும், படம் நிக்கும், படத்துக்குக் காசு. இங்கிலாந்து பர்மிங்காம்ல 2014ல மொத உலகப்போர் நூறாவது வருஷத்துக்கு நேலே அசெவெடோங்குற பிரேசில் அம்மா 5000 ஐஸ் பொம்மைய படிக்கட்டுல உக்கார வச்சாங்க, பொதுசனங்களே ஒவ்வொண்ணா எடுத்து வச்சாங்க, கொஞ்ச நேரத்துல எல்லாம் தண்ணி. அதுகூட இன்னிக்கு நமக்கு படமாத்தான் தெரியும். உங்க குதிரைக்கு படம் தேவையே இல்லாம இருந்துச்சு, அடுத்த குதிரை வந்துரும்ல. அந்த வித்தியாசத்தை நான் முன்னாடி அழுத்திச் சொல்லல.

#22 மாடரேட்டர்

ஒண்ணு ரெண்டு சாதிப் பேச்சு பதிவை தூக்கிருக்கேன், #16, #17 மாதிரி நாகரிகமா பேசுறது இருக்கட்டும். ஊர்ப் பேரைக் கண்டுபுடிக்கிற விளையாட்டு வேண்டாம்.

#23 பொட்டல்காட்டான்

அப்டேட். கூட்டம் நடந்துச்சு, முடிவு எதுவும் ஆகல, சிங்கப்பூர்க்காரர் ஆடிக்கு வர்றாராம் அவரை வச்சுப் பேசிக்கலாம்னு தள்ளிப் போட்டாச்சு. நான் வேளார் தம்பி எழுதுனதை படிக்கல, அதுல இருந்த ஒரே ஒரு விஷயத்தை மட்டும் கேட்டேன், "சிமெண்ட் வச்சா வேளாருக்கு பிடிமண் குடுக்குறதை என்ன பண்ணப் போறோம், போய் யாரு அவருகிட்ட சொல்றது"ன்னு. யாரும் வாயத் தொறக்கல. பெரியவர் ஒருத்தர் மட்டும் "அவங்க அய்யா எங்க அய்யாகிட்ட வாங்குன மண்ணு, நான் போயி சொல்ல மாட்டேன்ப்பா"ன்னாரு. டைல்ஸ் கேக்குற கோஷ்டி டைல்ஸைத்தான் கேக்குது. ஜேசிபிய மட்டும் இப்போதைக்கு நிறுத்தியாச்சு, அதுவும் தொல்லியல் மனு பயத்துலதான், ஏட்டுச்சுவடிக்கு ஒரு டீ.

#24 ரெண்டாங்கெட்டான்

டீ எனக்கும். எனக்கு ஒரு தடவை நேர்ல பாக்கணும் போல இருக்கு, எப்ப எங்க போனா பாக்கலாம்? நெஜமாத்தான்.

#25 கண்மாய்க்கரை

ஊருக்கு ஊரு தேதி மாறும், பெரும்பாலும் வைகாசிலேருந்து புரட்டாசிக்குள்ள வரும், மழை தண்ணி, ஊர் ஒத்துமை, ரெண்டும் சரியா இருந்தாத்தான். சில ஊர்ல வருஷா வருஷம் இல்ல, விட்டு விட்டு. சிங்கம்புணரி சேவுகப்பெருமாள் அய்யனார் கோயில் புரவி எடுப்பு பெருசு, கூட்டமும் அப்படித்தான். சும்மா குதிரை வரிசை மட்டும் பாக்கணும்னா புதுக்கோட்டை பக்கம் நமணசமுத்திரம், இளங்குடிப்பட்டி போங்க, எந்த நாளும் பாக்கலாம். காலைல போங்க, செருப்பை தோப்புக்கு வெளியவே விட்டுருங்க, சில்லு குத்தும் பாத்து நடங்க, ஒண்ணைக்கூட ஞாபகத்துக்குன்னு பாக்கெட்டுல போட்டுட்டு வராதீங்க.

#26 வேளார்வீட்டுப்பையன்

சூளை பாக்க ஆசைன்னா சொல்லுங்க, எங்க வீட்ல சுடுறப்ப தனிமடல் போடுறேன். ராத்திரி பூரா முழிக்கணும், விறகு அள்ளிப் போடவும் ஆள் வேணும்.